வானொலி இயங்குகிறது

பாட்டு கேக்கணும்னு சொல்லலம்மா உங்கண்ணன். மொதல்ல வீட்டுக்கு ஃபோன் போட்டு அந்த ரேடியோவ அணைக்கச் சொல்லு. ஆமா, இப்பவே. பாட்டு போட்டா தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுறாருன்னு சொன்னியே, அது ரசிக்கிறதில்ல. வேணாங்கிறாரு. வாய்ல வர்றது வானொலிங்கிற அந்த ஒரே வார்த்ததான், பாவம் வேற எப்டிச் சொல்லுவாரு.

சொல்லிட்டியா? அம்மா அணைச்சிட்டாங்களா? சரி, உக்காரு. ஃபேன் அவ்ளோதான் சுத்தும், கோச்சுக்காத.

எனக்கு எப்டித் தெரியும்னு கேக்குற. சொல்றேன். சொல்லத்தான வேணும். நீ கராடிலேருந்து ரெண்டு பஸ் மாறி கட்கி வரைக்கும் வந்து, எங்கண்ணன் உசுரக் காப்பாத்துனீங்கன்னு கையெடுத்துக் கும்பிடுற. கும்பிடாதம்மா. மொதல்ல கைய எறக்கு.

சுப்ரஜாதானே உன் பேரு? ஹரி சொல்லியிருக்காரு. தங்கச்சி கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா, அவ கூட இருக்கலாம்னுதான் திருச்சிலேருந்து பூனாவுக்கு வேல மாத்திக்கிட்டு வந்தேன்னு. ஹரிபிரசாத்னு முழுப்பேரு சொன்னா எங்க ஷாப்ல ஒருத்தனுக்கும் தெரியாது. ரேடியோவாலான்னாதான் தெரியும்.

அந்த ரேடியோவுல ஆரம்பிச்சாத்தான் உனக்குப் புரியும். நா பொறந்தது இதே கட்கிம்மா. அப்பா ஆற்காட்டுப் பக்கத்துலேருந்து வந்து வெடிமருந்து ஃபேக்டரியில சேந்தவரு. இஸ்கூல் மராட்டி, தெரு ஹிந்தி, வீட்ல மட்டும் தமிழ். நாலாம் கிளாஸ்ல மாஸ்டர் கேட்டாரு, ரேடியோவுக்கு நம்ம பாஷைல என்னன்னு. ஒருத்தன் ஆகாஷ்வாணின்னான், ஒருத்தன் நபோவாணின்னான். ரெண்டும் சரின்னாரு. நா சும்மா இருந்திருக்கலாம். எந்திரிச்சு, ஆகாஷ்வாணின்னா கம்சனுக்குக் கேட்ட சத்தம்னேன். எங்கம்மா சொன்ன கதை. தங்கச்சியத் தேர்ல ஏத்தி ஓட்டிட்டுப் போறான், வானத்துலேருந்து ஒரு குரல் வருது, இவ பெத்த புள்ள உன்னக் கொல்லும்னு. அடுத்த நிமிசம் தங்கச்சி மயிரப் புடிச்சு இழுத்துக் கத்திய உருவுறான். அதுதான மத்லப், அதுதான அர்த்தம்னேன். கிளாஸே சிரிச்சுது. மாஸ்டர் என்ன நக்கல் பண்றியாடா மத்ராசின்னு வெரல் முட்டியில ஸ்கேலக் குறுக்கால வெச்சு அடிச்சாரு. ஒரு வாரம் பென்சில் புடிக்க முடில.

வீட்ல ரேடியோன்னா எங்கம்மா. ஆமாம்மா. அம்மா கொஞ்சம் பேசுவாங்க. அப்பா ஷிஃப்ட் முடிச்சு வந்து உக்காந்தா, ரேடியோவ நிறுத்துடின்னுவாரு. நிறுத்தலன்னா பெல்ட்ட உருவுவாரு. ஒரு தடவ பொட்டிய நிறுத்தச் சொல்றாரா தன்னச் சொல்றாரான்னு தெரியாம அம்மா நெஜ ரேடியோவத் திருகி அணைச்சுட்டாங்க. கிண்டலா பண்றன்னு அதே பொட்டியத் தூக்கி நெத்தில அடிச்சாரு. ஏழு தையல். நாந்தான் கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பத்து வயசு எனக்கு.

ஆனா வானொலின்ற வார்த்த மட்டும் எங்கயும் அடி வாங்குன வார்த்த இல்ல. ஞாயித்துக்கெழம காலைல அப்பா சிற்றலையில ஏதாவது ஒரு தமிழ் நிலையம் புடிப்பாரு. கரகரன்னு வரும். ஒருத்தரு தெளிவா வானொலி நிலையம்னு சொல்லுவாரு. அந்த நேரத்துல வீட்ல யாரும் யாரையும் அடிக்க மாட்டாங்க. எனக்குத் தமிழ் எழுத்து எழுத்தாக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனா அந்த ஒரு வார்த்த சுத்தமா வரும்.

வரேன் வரேன், உங்கண்ணன்கிட்டதான் வரேன்.

ஆகுர்டியில எங்க ஃபவுண்டரி. நா ஃபெட்லிங் ஷாப் சூப்பர்வைசர். மத்லப், ஊத்தி வார்த்து வர்ற இரும்ப உடைச்சு, தேய்ச்சு, சுத்தம் பண்ற எடம். பெரிய பெரிய பம்பு ஓடு, வால்வு ஓடு. அதுக்குள்ள ஓட்ட கீட்ட இருக்கான்னு எக்ஸ்ரே மாதிரி எடுத்துப் பாப்பாங்க. உங்கண்ணன் வேல அதுதான். பேப்பர்ல அதுக்கு நீளமா இங்கிலீஷ் பேர் போடுவாங்க. ஷாப்ல எல்லாரும் சுருக்கி ரேடியோம்பாங்க. இந்த ஓட்டுக்கு ரேடியோ ஆச்சா, ரேடியோல ஃபெயில். அப்டித்தான் பேச்சு.

நீ பாத்ததில்லையே. ஒரு இரும்புப் பொட்டி, தூக்குனா கை கழண்டுடும். உள்ள மொளகு அளவுக்கு ஒரு சாமான். தூரத்துல நின்னு கைப்பிடியச் சுத்துனா, அது குழாய் வழியா வெளிய வந்து ஓட்டுக்கிட்ட நிக்கும். அந்தப் பக்கம் ஃபிலிம். அர மணி நேரம். சத்தம் கெடையாது, வெளிச்சம் கெடையாது, சூடு கெடையாது. பக்கத்துல போனவனுக்கு ஒண்ணுமே தெரியாது.

போன மழைக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல செஞ்சிப் பக்கத்துலேருந்து ஒம்பது பேர் வந்தாங்க. மராட்டி தெரியாது, ஹிந்தி தெரியாது. தெக்கு வாசல்ல ஹரி கயிறு கட்டி நிப்பாரு. வடக்கு வாசல்ல, எங்க ஷாப் பக்கம், ஒரு தகரப் பலக, மராட்டில எழுதியிருக்கும். ரேடியோ சாலூ ஆஹே, ஆத் யேஊ நயே. ரேடியோ ஓடுது, உள்ள வராதீங்கன்னு. மேனேஜர் என்னக் கூப்ட்டு, உங்க ஆளுங்களுக்குத் தமிழ்ல ஒண்ணு எழுதி மாட்டுன்னாரு.

எனக்கு எக்தம் சந்தோஷம். முப்பது வருஷ சர்வீஸ்ல என்னத் தமிழ்ல எழுதச் சொன்னது அன்னைக்குத்தான். செவப்பு பெயின்ட் வாங்கி, குந்தி உக்காந்து எழுதுனேன். ரேடியோன்னே எழுதியிருக்கலாம். அது இங்கிலீஷ்தான, தமிழ்ல எழுதச் சொன்னா தமிழாத்தான் எழுதணும்னு ஒரு திமிர். வானொலி இயங்குகிறது. பெருசா, நல்ல எழுத்தா வந்துச்சு. உள்ளே வர வேண்டாம்னு கீழ எழுத எடம் பத்தல. சின்னதா எழுதுனேன். ரெண்டு நாள்ல அது மேல இரும்புப் பொடி படிஞ்சு மறஞ்சிடுச்சு.

இப்பப் புரியுதா உங்கண்ணன் என்ன சொல்றாருன்னு? இரும்மா. முழுசாக் கேளு.

ஒரு திங்கக்கெழம ஹரி அந்தப் பலகையப் பாத்துட்டாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு. அண்ணே, வானொலின்னா பாட்டு கேக்கிற பொட்டிண்ணே, இதப் படிச்சுட்டு எல்லாரும் உள்ள வந்து உக்காருவாங்க, கதிர்வீச்சுன்னு எழுதுங்க, அபாயம்னு போடுங்கன்னாரு. ரேடியோங்கிற பேரே கதிர்ன்னு அர்த்தம் வர்ற ஏதோ பழைய பாஷைலேருந்து வந்துச்சாம், பாட்டு பின்னாடி வந்ததுதானாம். நல்லாத்தான் சொன்னாரு. கூட நாலு பேர் நின்னாங்க, அதான் எனக்குச் சுர்ருன்னுச்சு. நேத்து வந்த புள்ள எனக்குத் தமிழ் சொல்லித் தருதான்னு. சரி சரி மாத்துறேன்னேன். மறுநாள் காலைல கேட்டாரு, மாத்திட்டீங்களாண்ணே. மாத்திட்டேன்னேன்.

மாத்தல.

அன்னைக்கு மதியம் சாப்பாட்டு நேரம். எல்லாரும் வெளிய போயிருப்பாங்கன்னு ஹரி ரேடியோவ ஓட்டுனாரு. வடக்கு வாசல் என் பொறுப்பு. பலகைய மாட்டிட்டு நா சாப்பிடப் போயிட்டேன். செஞ்சிக்காரங்கள்ல ஒருத்தரு வசந்தகுமார். முப்பத்திரெண்டு வயசு, கிரைண்டிங் ஆளு, அதிர்ந்து பேசாத மனுசன். வெளிய வெயிலு. டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தாரு, பலகையப் படிச்சாரு, உள்ள போனாரு. ஆளில்ல. பெரிய ஓடு நெழலா இருந்துச்சு. அதுல இடுப்பச் சாச்சு உக்காந்து சாப்ட்டுட்டு, அப்டியே கண்ணசந்துட்டாரு. அவரு இடுப்புக்கும் அந்த மொளகுக்கும் நடுவுல நாலு வெரக்கட.

அர மணி நேரம் கழிச்சு சாமான உள்ள இழுத்துட்டு ஹரி சுத்தி வந்து பாத்தாரு. அவரு கத்துன கத்து கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சு. ஓடிப் போனா, ஹரி அந்த ஆள உலுக்கி உலுக்கி, எவ்ளோ நேரமா இருக்க, எவ்ளோ நேரமா இருக்கன்னு கேக்குறாரு. அவரு தூக்கக் கலக்கத்துல சிரிக்கிறாரு. சாயங்காலம் வாந்தி எடுத்தாரு.

ஹரி அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிட்டாரும்மா, அது உனக்குத் தெரியணும். இவர உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, இது மேலெடத்துக்குத் தெரியணும்னு கெஞ்சுனாரு. மேனேஜர் ரெண்டு மாத்திர குடுத்து, வெயில்ல வந்த வாந்தி, வாய மூடிட்டு வேலையப் பாருன்னுட்டாரு. ஹரி விடல. தானே எழுதி அனுப்புனாரு.

நா என்ன பண்ணேன் தெரியுமா? எல்லாரும் அங்க நிக்கும்போது வடக்கு வாசலுக்குப் போயி அந்தப் பலகையக் கழட்டி, அப்டியே நடந்து போயி உருக்குற உலையில போட்டுட்டேன். தகரம். ஒரு நிமிசம் கூட ஆகல.

ரெண்டு வாரத்துல வசந்தகுமார் இடுப்புல தோல் செவந்துச்சு, கொப்புளம் வந்துச்சு, அப்றம் சதை கழண்டு வர ஆரம்பிச்சுது. நா போயிப் பாத்தேன். அழுகுன பழம் மாதிரி, உள்ளாற எலும்பு தெரிஞ்சுது. மனுசன் பல்லக் கடிச்சு பெட்ஷீட்டக் கிழிச்சு வெச்சிருந்தாரு. போலீஸ் வந்து கேட்டுருக்கு, எச்சரிக்கை போர்டு இருந்துச்சான்னு. அவரு சொல்லியிருக்காரு, அது எதுவும் இல்லீங்க, பாட்டு போர்டு ஒண்ணுதான் இருந்துச்சுன்னு. மொழிபெயர்த்தவனுக்குப் புரியல. போர்டு இல்லன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. என்கிட்டயும் சொன்னாரு. சார், பாட்டு ஓடுதுன்னு எழுதியிருந்துச்சு சார், கேட்டுக்கிட்டே சாப்பிடலாம்னுதான் போனேன், ஒண்ணும் ஓடலையேன்னாரு. அத யாரு எழுதுனான்னு அவருக்குத் தெரியாது. நா சொல்லல. கொண்டு போன எளநிய வெச்சுட்டு வந்துட்டேன்.

ஆமாம்மா, அதனாலதான் கம்பெனி உங்கண்ணன் மேல போட்டுச்சு. போர்டு வெக்காம ரேடியோ ஓட்டுனான், அவன் அலட்சியம்னு. நீ கையில வெச்சிருக்கியே அந்த நோட்டீஸ், அதுல எழுதியிருக்கிறது அதுதான்.

அந்த நாளச் சொல்றேன். தண்ணி வேணுமா? வேணாமா. சரி.

காலைல பத்து மணி இருக்கும். கேஷவ் ஆஸ்பத்திரிலேருந்து வந்தான். கேஷவ் சாதாராக்காரன், வசந்தகுமாரோட ஒரே மெஷின்ல வேல பாத்தவன், பாஷை தெரியாமயே ரெண்டு பேரும் ஒரே டப்பால சாப்பிடுவானுங்க. வந்தவன் தரையில உக்காந்து, கைய இடுப்புல வெச்சு இப்டி அறுக்குற மாதிரி காமிச்சான். வசந்தகுமார் கால எடுத்துட்டாங்க. இடுப்போட. அத்தன பேரும் மெஷின நிறுத்திட்டானுங்க. எங்க ஷாப் நின்னு நா பாத்ததே இல்ல. காதுல ஙொய்னு கேட்டுச்சு. 

அந்த நேரம் பாத்து உங்கண்ணன் வண்டி கேட்டுக்குள்ள வருது. வேலைக்கு வரல அவரு. கைல ஒரு பேப்பர். இந்த மாதிரிப் புண்ணுக்குன்னே பாக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு வசந்தகுமார மாத்தணும், அதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும். அதுக்குத்தான் வந்தாரு. எனக்கு அது பின்னாடிதான் தெரியும், ரத்தத்துல நனஞ்ச பேப்பர ஆஸ்பத்திரில பிரிச்சுப் பாத்தப்போ.

ரேடியோவாலா ஆலான்னு எவனோ கத்துனான். ரேடியோவாலா வந்துட்டான்னு. தெனமும் அப்டித்தான கூப்புடுவோம், அவரும் தெனமும் போலக் கையத் தூக்கிக் காமிச்சுக்கிட்டு எறங்குனாரு. த்யாலா தரான்னு அடுத்த சத்தம். புடிங்கடான்னு அர்த்தம். அது அவருக்குப் புரியல.

மொத அடி காதுக்கு மேல விழுந்துச்சு. ஸ்பேனர் அடி. விழுந்துச்சுன்னா, விழுந்துச்சும்மா, இரு, சொல்றேன். அவரு கீழ விழல. நின்னுக்கிட்டே தலையத் தொட்டுப் பாத்தாரு. கையெல்லாம் ரத்தம். அதப் பாத்ததும் கூட்டத்துக்கு வெறி வந்துடுச்சு. கேஷவ் ராடால முட்டியில அடிச்சான், பட்டுன்னு ஒரு சத்தம், காஞ்ச வெறகு ஒடிஞ்ச மாதிரி. அவரு விழுந்தாரு. அப்றம் யாரு அடிச்சா, யாரு அடிக்கலன்னு கணக்கே கெடையாது. பூட்ஸு காலு. முன்னாடி இரும்பு மூக்கு வெச்ச சேஃப்டி பூட்ஸு. விலாவுல, வாயில. அவரு தமிழ்ல கத்துறாரு, ஐயோ நான் சொல்றதக் கேளுங்கன்னு. மராட்டிக்காரனுங்க ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. செஞ்சிக்காரனுங்க எட்டு பேரும் சுவரோரமா நின்னு அழுறானுங்க, கிட்ட வர பயம். ஒருத்தன் இரும்புத் துண்டத் தலைக்கு மேல தூக்குனான், பதினஞ்சு கிலோ இருக்கும், மண்டையில போட. அத நா போய்த் தட்டி விட்டேன். தள்ளி விழுந்து அவரு கைவெரல் மூணு நசுங்குச்சு. நீ பாத்தியே அந்த வெரல்.

அப்றம் நா அவரு மேல படுத்துக்கிட்டேன். எனக்கும் விழுந்துச்சு, முதுகுல இன்னும் வலி இருக்கு. யூனியன் ஆளு வந்து வெலக்குனான். டெம்போவுல போட்டுத் தூக்கிட்டுப் போனேன். மடியில தலை. மூக்குலயும் காதுலயும் ரத்தம் வழியுது, கண்ணு தொறந்து என்னையே பாக்குது. ஆஸ்பத்திரில சொந்தக்காரர் யாருன்னு கேட்டாங்க. நாந்தான்னு சொல்லிக் கையெழுத்து போட்டேன். அந்தக் கையெழுத்தப் பாத்துதான் நீ என்னத் தேடி வந்த.

நல்லவரா? நானா?

இந்தா, இத வெச்சுக்கோ. மூணு பக்கம். மராட்டில எழுதியிருக்கேன், போலீஸ் படிக்கணும்ல. பலகைய எழுதுனது யாரு, ஹரி மாத்தச் சொன்னது என்னைக்கு, வடக்கு வாசல் யாரு பொறுப்பு, பலக எங்க போச்சு, எல்லாம் வெச்சுக் கையெழுத்து போட்டுருக்கேன். ஒவ்வொரு பக்கத்துலயும். இது உங்கண்ணன் மேல இருக்குற கேச ஒடச்சிடும். ஒரு காப்பி உன் வக்கீலுக்கு. இன்னொண்ண நாளைக்கு நானே ஸ்டேஷன்ல குடுத்துட்டு அங்கயே உக்காந்துக்குவேன். வீட்ல பெட்டி கட்டி வெச்சாச்சு. எம் பொண்டாட்டிக்குத் தெரியும்.

அழாதம்மா. இன்னும் ஒண்ணு இருக்கு. மூணாம் பக்கத்துல இருக்கு, உனக்கு மராட்டி படிக்க வராது, வக்கீல் படிச்சுச் சொல்லி நீ தெரிஞ்சுக்க வேணாம்னுதான் வாயால சொல்றேன். மொத அடிக்கு கேஷவத்தான் உள்ள போட்டுருக்காங்க. அவன் இல்ல. அவன் ரெண்டாவது.

உங்கண்ணன் வண்டிய விட்டு எறங்குனதும் அந்தக் கூட்டத்துல என்னத்தான் தேடுனாரு. தமிழும் மராட்டியும் பேசுற ஆளு நா ஒருத்தன்தான. நேரா என்கிட்ட வந்தாரு. அண்ணே, இவங்க என்னமோ தப்பா நெனச்சிருக்காங்கண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, வசந்தகுமார் ஆஸ்பத்திரில சொன்னாருண்ணே, அந்த போர்டுல வானொலின்னு... அவ்ளோதான் சொன்னாரு. மிச்சம் வெளிய வந்துடக் கூடாதுன்னு நெனச்சேன். கைல ஸ்பேனர் இருந்துச்சு.